சரீனா மிஸ்ஸியின் இரண்டு தாய்மார்

வவுணதீவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாலத்தின் இருபுறமும் வாவி, வெயில் ஏறாமல் வெளுத்துக் கிடந்தது. செங்கலடிச் சந்தையில் மரக்கறி விற்கும் நடராசா அண்ணன் தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி மவுத்தாயிட்டா, புள்ள."

இறந்துபோன தங்கச்சி என்று அவர் சொன்னது நம் சரீனா மிஸ்ஸியை. நம்மில் பலருடைய பிள்ளைகளைப் பிறந்தவுடன் கையில் ஏந்திய தாதி.

என் மகள் பிறந்த மறுநாள் எனக்குக் கடும் சளிக்காய்ச்சல். கண்ணை மூடினால் கட்டில் தோணிபோல் அசைந்தது. ஜன்னல் வெளிச்சம் சுவரில் தண்ணீராய் ஓடியது. பிள்ளை பசியில் கத்தி ஓய்ந்துகொண்டிருந்தாள்.

"அவளத் தூக்கிட்டுப் போங்க மிஸ்ஸி. என்ட காய்ச்சல் பாலோட போயிரும்" என்று அழுதேன்.

மிஸ்ஸி என் கைகளைக் கழுவிவிட்டு, எனக்கு முகக்கவசத்தை மூக்கு மூடக் கட்டினார். "காய்ச்சல் பாலால போகாது புள்ள. அதோட சண்டை பிடிக்கிற சக்திதான் போகும். வயித்துல இரிக்கக்குள்ளயே ரத்தத்தால கொஞ்சம் குடுத்திட்டீங்க. மிச்சம் முதல்ல வாற இந்த மஞ்சள் பால்ல இரிக்கி."

அப்போதும் நான் பிள்ளையை வாங்கவில்லை. அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். ஏறாவூரில் தான் பிறந்த அன்றே தன்னைப் பெற்ற உம்மா இறந்துபோனதைச் சொன்னார். அயல்வீட்டு அன்னம்மா தன் கைக்குழந்தை நடராசாவோடு சேர்த்து இவருக்கும் பால் கொடுத்து வளர்த்தாராம்.

"அந்த வருசம் ஊரெல்லாம் வயித்தோட்டம். அம்மாக்கும் வந்திச்சி. பால நிப்பாட்டல்ல. நானும் அண்ணனும் தப்பிட்டம்" என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "பெத்தது உம்மா. எனக்குள்ள காவல் இரிந்தது அம்மா."

மகளை எடுத்து அணைத்தேன். அவள் குடிக்கக் குடிக்க, எது அவள் மூச்சு, எது என் மூச்சு என்று தெரியாத ஒரு மயக்கம் வந்தது. கண் திறந்தபோதெல்லாம் மிஸ்ஸி அங்கேயே இருந்தார். என் காய்ச்சல் மெதுவாகத்தான் இறங்கியது. அவளுக்கு உடம்பு சுடவே இல்லை.

நடராசா அண்ணன் அழைத்த அன்றே, மாலை அஸர் தொழுகைக்குப் பின் மிஸ்ஸியின் அடக்கம். பெண்கள் நாங்கள் மிஸ்ஸி வீட்டில் இருந்தோம். மையவாடி வாசலில் தயங்கி நின்ற நடராசா அண்ணனைக் கண்டு, மிஸ்ஸியின் மூத்த மகன் கூட்டத்தை விலக்கினாராம்: "உம்மாட பால்குடிக் காக்கா. ஒரே தாய்ப்பால் குடிச்ச அண்ணன். வழி விடுங்க." அண்ணனும் மண் போட்டார்.

மிஸ்ஸி சொன்ன விளக்கத்தில் பாதி எனக்கு மறந்துவிட்டது. மறக்காதது, அவர் எழுந்து போகாமல் இருந்ததுதான். பயந்தவரிடம் காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாது. பயம் தணியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் விட்டுப்போனதில் அதை நான் வைத்துக்கொள்கிறேன்.