காதில் விழாத கேள்விக்குச் சொன்ன பதில்

ஸ்டெல்லா தன் திருமணத்தைப் பற்றி என்னிடம் கேட்டது என் காதில் விழவே இல்லை. விழாமலேயே பதில் சொன்னேன்! ஏழு ஆண்டுகளாக ஒளித்து வைத்திருந்ததை உங்களிடம்தான் முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

இருவருக்கும் ஊர் பெரம்பலூர், வேலை அரியலூரில். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில். நான் சிமெண்ட் கடையில். இரண்டு வருடம் காலை பஸ்ஸில் பேசிக்கொண்டே போனோம். அவளை விரும்பினேன். வாய்விட்டுச் சொன்னதில்லை... அவளுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

அன்று லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் ஒரு கிரிக்கெட் வீடியோவின் கீழே, முகம் தெரியாத எவனோடோ நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். மேலும் சொன்னாள். அதற்கும் "ம்". கடைசியில் "என்ன சொல்லட்டும்?" என்பது மட்டும் கேட்டது.

"சரின்னு சொல்லிடுங்க" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மறுநாள் அவளே விவரம் சொன்னாள். தா.பழூரிலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்களாம். "நீங்க சொன்ன மாதிரியே வூட்டுல சரின்னுட்டேங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? நேற்று நீங்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? வெட்கம் தடுத்தது. அவள் மனத்தைத் திறந்து பேசிய நேரத்தில் எவனையோ திட்டிக்கொண்டிருந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன்! சந்தோஷம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

போன மாதம் ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்றேன். கோபமே இல்லாத குரலில் அவள் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க கொஞ்சம் யோசிச்சிருந்தாக்கூட நான் காத்திருந்திருப்பேன். பட்டுனு சரின்னுட்டீங்க. அதான் எனக்கும் மனசு தெளிஞ்சிருச்சு."

உண்மை தொண்டை வரை வந்தது. சொன்னால் அவளுடைய தெளிவு என்னவாகும் என்று விழுங்கிக்கொண்டேன். அவளுக்காகவா விழுங்கினேன்... இல்லை, என் மானத்துக்காகவா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பஸ் வந்தது. போயிட்டு வரேங்க என்று ஏறிக்கொண்டாள்.

அன்று அவள் எப்படித் தொடங்கினாள்? எந்தச் சொற்களால் கேட்டாள்? என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளா? ஒருமுறையாவது அதைக் கேட்க மாட்டோமா என்று ஏங்குகிறேன்... அதை அவளிடம் மட்டும்தான் கேட்க முடியும். கேட்க எனக்கு வாயில்லை.