சக்கர நாற்காலிப் பிரிவுக்கு மாற்றப்பட்ட பிலோமினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து பிலோமினா அக்காவின் மகள் சாமினி தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள்.  போர்க்காலத்தில் விமான நிலையத்தில் எங்களோடு வேலை செய்தவர்கள் பலர் இன்று வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பிலோமினா அக்காவை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பெட்டிகளை எடைபோட்டு, பயணிகளுக்கு இருக்கை கொடுக்கும் கவுண்டரில் அவர் என் பக்கத்தில் இருந்தவர். எங்கள் வேலையில் திறமைக்கு ஏற்பத்தான் சம்பளம். பெட்டி ஏற்றுகிறவர்களும் சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களும் அடித்தட்டு. பரீட்சையில் தேறினால் கவுண்டர். விமானத்தின் பாரத்தைக் கணக்கிடுபவர்கள் அதற்கும் மேலே. அக்கா சக்கர நாற்காலி தள்ளுவதில் தொடங்கி, கணவர் இறந்தபின் கைக்குழந்தையோடு படித்துக் கவுண்டருக்கு வந்தவர். பாரக் கணக்குப் பயிற்சிக்கும் தெரிவாகியிருந்தார். "இது முடிஞ்சா சாமினிய நல்ல டியூசனுக்கு விடலாம், ஜெகன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. வவுனியாவிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவரைப் பாதுகாப்பு மேசையில் நிறுத்தியிருந்தார்கள். சிங்களம் தெரியாத அவர், அதிகாரி கேட்டதற்கெல்லாம் பயத்தில் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று தலையாட்டினார். அக்கா சட்டென்று எழுந்தார்.

"அக்கா, கியூவில சனம் நிக்குது" என்றேன்.

"மகன் புலிகள் இயக்கத்திலயா எண்டு கேக்கிறான். அதுக்கும் மனுசி ஓம் எண்டுது" என்றபடி ஓடினார்.

"அம்மா, எல்லாத்துக்கும் ஓம் சொல்லாதீங்க. உங்கட மகன் இயக்கமா எண்டு கேக்கிறாங்க."

அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை! அவன் பாம்பு கடிச்செல்லோ செத்தவன்!"

அக்கா அதைச் சிங்களத்தில் சொன்னார். கேள்விகள் நீண்டன. அக்கா அசையாமல் நின்று இரு பக்கமும் மொழிபெயர்த்தார். கடைசியில் அந்த அம்மாவை விட்டார்கள். அதற்குள் கியூ நீண்டு, விமானம் பிந்திப் புறப்பட்டது.

மறுநாள் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கவுண்டரை விட்டுப் போக அக்காவுக்கு யார் அனுமதி தந்தது என்று கேட்டார்.

"ஒருத்தரும் தரேல்ல, சேர். கேக்க நேரம் இருக்கேல்ல" என்றார் அக்கா.

அந்த வாரமே அவரை மறுபடியும் சக்கர நாற்காலிப் பிரிவில் போட்டார்கள். சம்பளம் பழைய அடித்தட்டுக்கு இறங்கியது. பயிற்சிக்கு வேறொருவர் போனார். சாமினியின் டியூசன் நின்றது. தாயும் மகளும் வீட்டை விட்டு ஓர் அறைக்குக் குடிபெயர்ந்தார்கள்.

மொழிபெயர்ப்பதையும் ஒரு தொழில்திறமையாகக் கணித்துச் சம்பளம் தரும்படி அக்கா விண்ணப்பித்தார். அப்படி ஒரு சம்பளத் தரம் இல்லை என்று பதில் வந்தது. "மூண்டு பாசை தெரிஞ்சிருக்கிறது இவங்களுக்குத் திறமை இல்லயாம்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஊழியர் பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரும்வரை வெளியே பார்த்தபடி அழுதார்.

ஆனாலும் யாராவது தமிழர் பாதுகாப்பு மேசையில் மாட்டிக்கொண்டால் முதலில் போய் நின்றவர் அவர்தான். பின்னாளில் அதிகாரிகளே அவரைத் தேடிக் கூப்பிட்டார்கள். அதற்கு ஒரு சதமும் கூடவில்லை. முழங்கால்கள் தேய்ந்து, அதே தரத்திலேயே ஓய்வுபெற்றார்.

மாதம்பிட்டி மயானத்திலிருந்து திரும்பும்போது சாமினி சொன்னாள்: "அந்தப் பயிற்சிக்குப் போயிருக்கலாம் எண்டு அம்மா கடைசி மட்டும் கவலைப்பட்டவ, அங்கிள். ஆனா அந்த மனுசிய விட்டிருக்கலாம் எண்டு ஒருநாளும் சொல்லேல்ல."

நாற்காலியைத் தள்ளுமுன் அக்கா எப்போதும் முன்பக்கம் வந்து குனிந்து, எங்கே போகிறோம் என்று பயணியின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். பக்கவாதம் வந்தபின் என் மனைவி பேசுவதில்லை. அவளுக்கு எவ்வளவு விளங்குகிறது என்று வைத்தியர்களுக்கும் தெரியாது. காலையில் அவளைச் சக்கர நாற்காலியில் யன்னலடிக்குக் கொண்டுபோகுமுன் நான் முன்னால் வந்து குனிகிறேன். "கடல் பாக்கப் போறம்" என்று சொல்கிறேன். அதன் பிறகே தள்ளுகிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்.