தறி ஓடாத நாளில் எடுத்த அளவு

அளவெடுப்பதில் என்னை மிஞ்ச ஆரணியில் ஆளில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள் நான். பிசியோதெரபிஸ்ட். தோள்வலி என்று வருபவரின் முதுகில் தோள்பட்டை எலும்பின் கீழ்நுனியைத் தடவிக் கண்டுபிடித்து, பேனாவால் புள்ளி வைத்து, முதுகெலும்பிலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று டேப்பில் பார்ப்பேன். கை தொங்கும்போது ஒருமுறை, தூக்கும்போது ஒருமுறை.

அந்த அம்மா பட்டு நெசவாளி. வலது தோளில் வலி. ஆறு வாரப் பயிற்சியில் எலும்பின் அசைவு சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் தறிப்பக்கமே போக முடியாது.

முதல்நாள் இரண்டு தோளுக்கும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். ஆறு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அளந்தேன். அதே இரண்டு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் பயிற்சியே செய்வதில்லை என்று முடிவுகட்டி, டாக்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

"வலி கொறஞ்சிகினுதாங்க வருது. டேப்பு மட்டும் ஏன் அப்படியே நிக்குது?"

"டேப்புக்கு உங்க மேல என்னம்மா பகை?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "மொத தடவ வந்தது அமாவாசைங்க. தறிக்கு லீவு. இன்னிக்கு காலைலேர்ந்து தறில நெய்ஞ்சிகினு இருந்துட்டு நேரா வரேன்."

பேனாவை மூடினேன். ஓய்வெடுத்த தோளையும் நாளெல்லாம் உழைத்துக் களைத்த தோளையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறேன். நெசவாளர் ஊரில் இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த அமாவாசை காலையில் வரச் சொன்னேன். மூன்று முறை அளந்தேன். ஒவ்வொரு முறையும் புள்ளியை அழித்துவிட்டு எலும்பைப் புதிதாகத் தேடினேன். பழைய எண் கண்ணில் படாமல் தாளைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் முன்பின். தோள்களின் வித்தியாசமோ ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. இது என் கை தடுமாறி வந்த எண் இல்லை, நிஜமான முன்னேற்றம். டாக்டரும் தாளைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேவையில்லை என்றார்.

இப்போது தறிக்காரர் யார் வந்தாலும், டேப்பை எடுக்கும் முன் இன்று தறியில் உட்கார்ந்தீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் வேண்டாம் என்று சேதி சொன்ன அன்று அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நான் வாயத் தொறக்காம போயிருந்தா, கத்தி வச்சிருப்பாங்க இல்லீங்களா?"

"ஆமாம்மா," என்றேன்.