செம்பனையில் தொங்கிய விமானி

எங்கள் தோட்டத்துக்கு மேலே சண்டை விமானம் பறப்பது புதுசு இல்லை. எண்பதுகளில் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கடல் பக்கமிருந்து ஜோடி ஜோடியாக வரும். சத்தம் நம் காதுக்கு வருவதற்குள் விமானம் போய்விடும். நாங்கள் குடியிருந்த லயத்துத் தகரக்கூரை அதிரும், கோழிகள் சிதறும், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை வீறிட்டு அழும். நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துத் திட்டுவேன்.

"கவர்மெண்டு ஜெட்டையே திட்டி நிறுத்திடுவா போலருக்கு," என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

நான் சொல்லப்போகிறது நடந்ததற்கு முந்தின வருஷம் ஒரு விமானம் கடலில் விழுந்துவிட்டதாகப் பேச்சு. பாசிர் பெனம்பாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் சீனர்தான் சொன்னார். ஓட்டியவன் கிடைக்கவே இல்லையாம், யாரோ ஒருவர் வலையில் ஒரு தகட்டுத் துண்டு மட்டும் வந்ததாம். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் மீன் வாங்கினோம். எனக்கு மட்டும் அன்றிலிருந்து ஒரு பயம். என் மகளுக்கு அப்போது மூன்று வயசு. வேலைக்குப் போகும்போது அவளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவேன். தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்ளும் அந்தக் கொட்டகை, லயங்களுக்கெல்லாம் கடைசியில், சதுப்புக்காட்டை ஒட்டி இருந்தது.

எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து வேலை புருஷன் பெண்டாட்டி சேர்ந்து செய்கிற வேலை. அவர் நீளமான மூங்கில் கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் மட்டையை வெட்டி, குலையை அறுத்துத் தள்ளுவார். நான் உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவேன். அரிவாள் கடைசி இழுப்பு இழுக்கும்போது வெட்டுகிறவர் "ஓரம்!" என்று ஒரு சத்தம் போடுவார். போட்டால் அண்ணாந்து பார்க்கக்கூடாது, ஏன் என்று கேட்கக்கூடாது. கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் பாய வேண்டும். அண்ணாந்து பார்த்த ஓர் அக்காவுக்குத் தோள் எலும்பு நொறுங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதனால் அந்தச் சத்தம் எங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்குப் போய்விடும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். ஒற்றை விமானம் வந்தது. சத்தம் சரியில்லை. வழக்கமான அலறல் இல்லாமல் விட்டு விட்டு இருமியது. பனைகளின் கொண்டை உரசுகிற உயரத்தில் எங்களைத் தாண்டிப் போனது. என்னவோ வெடித்த மாதிரி 'படார்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் தரை குலுங்கியது. அப்புறம் கறுப்புப் புகை எழுந்தது. புகை எழுந்த திசையில்தான் லயம் இருந்தது.

"ஐயோ, புள்ள!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வரிசையின் கடைசிப் பனையைத் தாண்டுவதற்குள் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் குறுக்கே வந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

"தங்கச்சி, நில்லு! அங்க பாரு."

பெரிய வாய்க்காலின் கரையில் நின்ற பழைய பனை அது. அதன் மட்டைகளில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பாராசூட் துணி கிழிந்து சிக்கியிருந்தது. துணிக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு மேல், ஒருவன் தொங்கினான். ஒரு கை உயிரில்லாமல் ஆடியது. மார்பில் கட்டியிருந்த வார் ஒன்று மேலே ஏறிக் கழுத்தில் இறுகியிருந்தது. இன்னொரு கையின் விரல்களை அந்த வாருக்குள் விட்டுக் கழுத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த விரல்கள் வழுக்குவது கீழே நின்ற எங்களுக்கே தெரிந்தது.

ஒருவர் ஆபீசுக்குச் செய்தி சொல்ல சைக்கிளில் போயிருந்தார். மிச்சம் இருந்தது மண்டோர், டிராக்டர் ஓட்டுகிறவர், நான், இன்னும் மூன்று பெண்கள், வெட்டுவதற்கு என் வீட்டுக்காரர். பனையில் ஏற வழி இல்லை, மட்டை முழுக்க முள். டிராக்டரும் வாய்க்காலைத் தாண்டி வராது. மண்டோர் டிரெய்லரில் கிடந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தார். "ரெண்டு மட்டையிலதான் மாட்டியிருக்கு. மட்டைய வெட்டுனா ஆள் வந்துருவான். ஆறு பேரும் இழுத்துப் புடிங்க."

"நான் போறேன். என் புள்ள அங்க இருக்கு," என்றேன்.

"நீ போனா ஒரு மூலை தொங்கிரும். இவன் செத்தான்."

"சாவட்டும்! குடையப் புடிச்சிக்கிட்டு இவன் நோவாம எறங்கிட்டான். அந்தச் சனியன எங்க புள்ளைங்க தலையில தள்ளி விட்டுட்டான்ல? பாவி!"

சத்தியமாக அப்படித்தான் கத்தினேன். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். புகை தடித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் அரிவாளைத் தூக்கிக்கொண்டிருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கும் புள்ளதான் அது," என்றார். "வேகமாப் புடி. வேகமா முடிச்சிட்டு ரெண்டு பேரும் ஓடுவோம்."

பிடித்தேன். அழுதுகொண்டே பிடித்தேன்.

அவர் முதல் மட்டையில் அரிவாளை மாட்டினார். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. மூன்றாவது இழுப்பில் மட்டை முறிகிறபோது, எத்தனையோ வருஷமாகப் பழகின வாய், "ஓரம்!" என்று சத்தம் போட்டுவிட்டது. ஆறு பேரும் தார்ப்பாயைப் போட்டுவிட்டுப் பாய்ந்தோம். ஒருத்தர்கூட நிற்கவில்லை. நான் வாய்க்கால் ஓரச் சேற்றில் போய் விழுந்தேன். மட்டை வெறும் தார்ப்பாய்மேல் விழுந்தது. மேலே இருந்தவன் ஒரு முழம் சறுக்கி, 'வெடுக்' என்று நின்றான். நல்ல வேளை, இரண்டாவது மட்டை தாங்கியது. ஆனால் அந்த இழுப்பில் அவன் விரல்கள் வாரிலிருந்து கழன்றுவிட்டன. அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

"என்னய்யா பண்ற? வாய மூடிக்கிட்டு வெட்ட மாட்டியா?" என்று மண்டோர் அலறினார்.

"வாயில தானா வருதுண்ணே!" என்றார் என் வீட்டுக்காரர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். இரண்டு கையும் கழிக்கு வேண்டும், அதனால் என்னிடம் நீட்டினார். "புள்ள, அடைச்சி விடு." நான் அந்தத் துண்டைச் சுருட்டி, அந்த வேர்வை நாற்றத்தோடு, அவர் வாயில் திணித்தேன். கடித்துக்கொண்டார்.

மறுபடியும் இழுத்துப் பிடித்தோம். இப்போதுதான் பயமே வந்தது. மட்டை எப்போது வரும் என்று சொல்ல யாரும் இல்லை. முள்ளோடு, ஒரு ஆள் கனத்தில் வருகிற மட்டை. அதற்கு நேர் கீழே, பாயக்கூடாது என்று நிற்க வேண்டும். என் பக்கத்தில் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டு மாரியாத்தா மாரியாத்தா என்று முனகினாள். நான் அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டன. "சீக்கிரம், சீக்கிரம்," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

'மடக்' என்றது. துணியும் ஆளும் மட்டையும் சேர்ந்து வந்தது. தார்ப்பாய் என் கையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. மட்டை டிராக்டர்காரர் முதுகைக் கிழித்தது. அவர் விடவில்லை. ஒருத்தரும் விடவில்லை.

மண்டோர் பாய்ந்து கத்தியால் வாரை அறுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவன் நெஞ்சு 'கர்' என்று காற்றை இழுத்தது. மீசைகூடச் சரியாக முளைக்காத மலாய்க்காரப் பையன். கண்ணைத் திறந்ததும் யாரைத் தேடினானோ, அவன் கண்ணில் பட்டது நான்தான். மலாயில் பேசினான். பாதிக் குரல்தான் வந்தது.

"அக்கா, வீட்டு மேல விழுந்துடுச்சா?"

நான் திரும்பிப் புகையைப் பார்த்தேன்.

"கூரைங்க தெரிஞ்சிச்சு. திருப்பினேன். முடிஞ்ச மட்டும் உள்ளேயே உக்காந்து திருப்பினேன். திரும்புச்சான்னு தெரியல அக்கா. வீட்டு மேல விழுந்துடுச்சா?"

அவன் தாழ வந்து பனையில் மாட்டியது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சீக்கிரமே குதித்திருந்தால் நோகாமல் இறங்கியிருப்பான். நான் அவனைப் பாவி என்று சொல்லியிருந்தேன். "பார்த்துட்டு வந்து சொல்றேன்," என்று மலாயில் சொல்லிவிட்டு ஓடினேன். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், துண்டு இன்னும் வாயில் இருந்தது.

லயம் அப்படியே நின்றது. கொட்டகை நின்றது. அதற்குப் பின்னால் சதுப்புக்காட்டுக்குள் தீ எரிந்தது. ஆயா எல்லாப் பிள்ளைகளையும் திடலுக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்திருந்தார். என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கி முகர்ந்து முகர்ந்து அழுதார். நான் அவர் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

"எங்கடி ஓடுற, கிறுக்கச்சி?" என்று ஆயா கத்தினார்.

நான் வாய்க்கால் பக்கம் போய்ச் சேருவதற்குள் தோட்டத்து ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு செம்மண் சடக்குப் பாதையில் திரும்பிவிட்டது. பின்னாலேயே ஓடினேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலய்யா!" என்று கத்தினேன். தமிழில் கத்துகிறோமே என்று உறைத்து, "தாக் கெனா! ரூமா தாக் கெனா!" என்று, வீட்டில் படவில்லை என்பதை மலாயில் கத்தினேன். பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். ஜீப் தூசிக்குள் போய்விட்டது.

மறுவாரம் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி லயத்துக்கு வந்து, ஆள் பிழைத்துக்கொண்டான், முதுகெலும்புதான் போச்சு, இனிமேல் விமானம் ஓட்ட மாட்டானாம் என்றார். பேப்பரிலும் சின்னதாகப் போட்டிருக்கிறது என்றார்.

"வீட்டு மேல விழலன்னு அவன்கிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கிராணி. அதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. லயமே வெளியே வந்து பார்க்கிற மாதிரி, "யாராச்சும் போய்ச் சொல்லித் தொலைங்களேன்யா!" என்று கத்திவிட்டேன்.