ஏரி வந்தால் எழுந்து நில்

ரயில் ஜன்னலில் ஏரி தெரிந்தால் அடுத்தது நாம் இறங்க வேண்டிய ஊர்தான் என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். எந்த ஏரி, எந்த ஊர் என்றெல்லாம் கேட்கக் கூடாது. தண்ணீர் பளபளத்தால் போதும். கால் தானாக எழுந்துகொள்ளும், கை மேலே இருக்கும் பையைத் துழாவும்.

இதில் என் தப்பு பாதிதான். மீதி செங்கல்பட்டின் தப்பு. சென்னையிலிருந்து வரும்போது பரனூரைத் தாண்டியதும் கொளவாய் ஏரி வந்துவிடும். உடனே பெட்டி முழுக்க ஒரு சலசலப்பு கிளம்பும். தூங்கிக்கொண்டிருப்பவர் கண்ணைத் திறக்காமலே காலால் செருப்பைத் தேடுவார். எக்ஸ்பிரஸ் வண்டிகள் எங்கள் ஊரில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் சீர்வரிசைப் பாத்திரங்களோடு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு கரண்டிகூட வண்டியில் தங்கவில்லை. ஏரிக்கரையிலேயே எல்லாரும் வாசலுக்கு வந்து வரிசை கட்டிவிடுவோம், அதுதான் ரகசியம். வெளியூர்க்காரர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு விழுப்புரத்தில் போய் இறங்குவார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. சூட்கேஸ், டிராலி, ஸ்கூல் பை எல்லாம் விற்கிறோம். "இந்தச் சக்கரம் காஷ்மீர் வரைக்கும் தாங்கும் சார்" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. நான் போன அதிகபட்சத் தூரம் திருப்பதி. கல்லாவுக்கு எதிரே சுவரில் டார்ஜிலிங் என்று அச்சிட்ட பெரிய பனிமலைப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பெட்டி சப்ளை செய்கிறவர் எந்தக் காலத்திலோ கொடுத்தது. கல்லாவில் உட்கார்ந்து பில் போடுவது என் மனைவி.

போன வருடம் மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில் பெட்டிச் சக்கரம் உடைந்து ஒரு வெள்ளைக்கார அம்மா கடைக்கு வந்தார். சக்கரம் மாட்டி முடிக்கும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எஸ், எஸ். வெரி கோல்டு" என்றேன்.

அவர் ஆட்டோ ஏறும்வரை என் மனைவி பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்:

"எப்ப போன?"

"எங்க?"

"வெரி கோல்டு."

நான் ஸ்குரூ டிரைவரைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

"இருபது வருசமா அந்தப் படத்தப் பாத்துகினே பில்லு போடறேன். அந்தம்மா எங்கியோ கீற நாட்டுலருந்து வந்து நம்ம கடலப் பாத்துட்டுப் போவுது. நம்ம இன்னா, திருப்பதி லட்டோட முடிஞ்சிடறதா? அந்த மலைய எனக்கு நேர்ல காட்டு. கோல்டா சூடான்னு அப்பறம் நான் சொல்றேன்."

இப்படித்தான் அந்தப் பயணம் முடிவானது. ஊரப்பாக்கத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அவள் தம்பி, என் மச்சான், செல்போனிலேயே டிக்கெட் போட்டான். செங்கல்பட்டில் ஏறி மறுநாள் சாயங்காலம் புவனேஸ்வர். அங்கே இரவு எட்டரைக்கு வேறு வண்டி பிடித்து வங்காளத்தின் வடக்கு மூலைக்கு. அங்கிருந்து மலை ஏறும் பொம்மை ரயிலில் டார்ஜிலிங். பொம்மை ரயிலில் அந்த ஒரு நாளைக்குத்தான் மூன்று இடம் கிடைத்தது. மச்சானின் லீவும் அதோடு சரி. "எட்டரை வண்டிய விட்டோம்னா மலையும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா" என்றான். அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் வண்டி ஏறியது என்னவோ அற்புதமாகத்தான் நடந்தது. கடையிலிருந்து எடுத்த மூன்று புது டிராலிகள், விலைச் சீட்டுகூட கிழிக்கவில்லை. நாற்பது நொடியில் ஏறிவிட்டோம். மீதி எண்பது நொடியை என்ன செய்வதென்று தெரியாமல் பிளாட்பாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கண் விழித்தால் ஆந்திரா. ஜன்னல் கொள்ளாத பச்சை. கோதாவரிப் பாலம் வந்தது. தண்ணீரைக் கண்டதும் பாதி எழுந்துவிட்டேன். என் மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஆத்துக்கெல்லாம் எழுந்துக்கணும்னு சட்டம் கெடையாது. குந்து."

இட்லி வாங்கினோம். சட்னியின் காரத்தில் மச்சானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கும் நான் எழுந்து நிற்கவில்லை என்று என் மனைவி சொல்லிச் சிரித்தாள். விசாகப்பட்டினம் தாண்டியதும் மலைகள் ரயிலுக்குத் துணையாக ஓடிவந்தன. டீயின் ருசி மாறியது, விற்பவரின் கூவல் மாறியது, எழுத்து வட்ட வட்டமாகி ஜாங்கிரிபோல் ஆனது. ஒடிசாவில் இரண்டு பெண்கள் ஏறி எங்கள் எதிரே உட்கார்ந்தார்கள். என் மனைவி அவர்களிடம் தமிழில் பேசினாள், அவர்கள் ஒடியாவில் பதில் சொன்னார்கள். முறுக்கு அந்தப் பக்கம் போனது, ஏதோ வெல்ல உருண்டை இந்தப் பக்கம் வந்தது. நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

யாரோ என் காலை மிதித்ததில் விழிப்பு வந்தது. ஜன்னலில் ஏரி.

சின்ன ஏரியா அது! கடலே வழி தவறி வந்து தண்டவாளத்தின் ஓரம் படுத்திருப்பதுபோல் இருந்தது. படகுகள், நடுவில் குட்டித் தீவுகள், கூட்டம் கூட்டமாகப் பறவைகள். சில்கா ஏரி என்று இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது என் மூளையில் இருந்தது ஒரே சொல்: இறங்கு.

"மச்சான், ஏரி!"

அவனும் செங்கல்பட்டில் பிறந்தவன்தானே. கண் திறக்கும் முன்பே அவன் காலில் செருப்பு இருந்தது. மூன்று டிராலிகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினோம்.

"யோவ், இன்னும் ரெண்டு மணி நேரம் கீதுய்யா" என்றாள் என் மனைவி.

"ஏரி வந்துடுச்சு!"

"அது பாட்டுக்கு வரட்டும். நிக்கறதுன்னா நீ போய் நில்லு. நான் ஊரு வந்தா வரேன்." வெல்ல உருண்டையைக் கடித்தாள்.

வாசலில் நின்றோம். ஏரி முடியவில்லை. கால் மணி நேரம், அரை மணி நேரம். கொளவாய் ஏரி என்றால் இந்நேரம் பத்து முறை தாண்டியிருக்கலாம். வண்டி வேகம் குறைந்து, கரையோரம் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. "ரெண்டு நிமிஷம்!" என்று கத்திக்கொண்டு பெட்டிகளைத் தள்ளினேன். மச்சான் குதித்தான். என் முதுகில் யாரோ முழங்கையால் ஓங்கி ஒரு இடி இடித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழக்கமான இடி. ஆக அவளும் வந்துவிட்டாள். நிம்மதியாகக் குதித்தேன்.

வண்டி நகர்ந்தது.

"மாமா, அக்கா எங்க?"

"பின்னாலதாண்டா கீறா."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்தது ஒரு கருவாட்டுக் கூடை. அதைத் தலையில் தூக்கிக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

டிராலியோடு வண்டியைத் துரத்தினேன். பத்தாவது அடியில், காஷ்மீர் வரைக்கும் தாங்கும் சக்கரம் கழன்று தண்டவாளத்தில் விழுந்தது.

அவளுக்கு போன் அடித்தேன். மச்சான் கையிலிருந்த பெட்டிக்குள் மணி அடித்தது. சார்ஜரோடு சுற்றி நானே பத்திரமாக உள்ளே வைத்திருந்தேன். டிக்கெட் என் போனில். அவளிடம் இருந்தது தயிர்சாதப் பையும் தமிழும் மட்டும். நான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்ததையெல்லாம் எழுதினால் எனக்கே வெட்கம். புவனேஸ்வரில் இறங்கத் தெரியாமல் கல்கத்தா போய், அங்கிருந்து அசாம் போய், எந்த எல்லையிலோ யாரோ அவளிடம் விலாசம் கேட்க, "செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல" என்று அவள் சொல்ல... எட்டரை வண்டி போய்விடும். மலை போய்விடும். மனைவியே போய்விட்டாள்.

ஸ்டேஷன் அதிகாரியிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் அவருக்குக் கொடுத்தேன்: "மேரா ஒய்ஃப்... டிரெயின்... போயிந்தி." கடைசி வார்த்தை தெலுங்கு என்று மச்சான் பின்னால் சொன்னான். அதிகாரி பதறவில்லை. கடிகாரத்தில் ஐந்தைக் காட்டினார், பாசஞ்சர் வண்டி என்றார், புவனேஸ்வர் ஏழேகால் என்றார். எங்களைப் போல் வாரத்துக்கு நாலு பேரைப் பார்ப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

அப்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் ஒரு பெண் குரல், தெரியாத பாஷை, ஒரே இரைச்சல். எங்கள் ஊர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் குடியிருக்கும் யாருக்கும் இது பழக்கம்தான், தினம் நாலு பேர் மனை விற்கக் கூப்பிடுவார்கள்.

"எங்களுக்கு பிளாட்டு வேணாம்மா" என்று வைத்தேன்.

மறுபடியும் அடித்தது. "சொந்த வூடு கீதும்மா!" என்று வைத்தேன்.

மூன்றாவது முறை மச்சான் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"யோவ், பிளாட்டு விக்கல. நான்தான்யா!"

எதிர் இருக்கைப் பெண்ணின் போன். என் நம்பர் என் மனைவிக்கு மனப்பாடம். மச்சான்தான் பேசினான்.

"அக்கா! நீ எங்க கீற?"

"நான் வண்டில கீறேன். நீங்க எங்கடா கீறீங்க? வாசல்ல நின்னுகினு கீறீங்கன்னு இவ்ளோ நேரம் நெனச்சிகினு இருந்தேன். இந்தம்மா கை கழுவப் போயிட்டு வந்து, அங்க யாரும் இல்லன்னு சைகை காட்டுது."

"மாமா ஏரிய நம்பி எறங்கிட்டாரு."

அந்தப் பக்கம் அவள் "ஏரி, ஏரி" என்று அந்தப் பெண்களிடம் சொல்வது கேட்டது. பிறகு மூன்று பெண்களின் சிரிப்பு கேட்டது. ஏரிக்கு எந்த பாஷையும் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

"சரி. நான் புவனேஸ்வர்ல எறங்கி நிக்கறேன். எட்டரைக்குள்ள வந்து சேருங்க. வரலன்னா நான் மட்டும் போயி மலையப் பாத்துட்டு வரேன். பதறாம வாய்யா. டீ குடி."

டீ குடித்தேன். இஞ்சி தூக்கலாக, நன்றாகவே இருந்தது. வெயில் சாயச் சாய அந்த ஏரி செம்பு நிறமானது. கருவாட்டுப் பெரியவர் எங்கள் பெட்டியின் சக்கரத்தைத் தேடி எடுத்துவந்து கொடுத்தார். பாசஞ்சர் வண்டியில் நான் வாசலுக்குப் போகாமலிருக்க மச்சான் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

கால் மணி நேரத் தாமதத்தோடு ஏழரைக்கு புவனேஸ்வர். எட்டரை வண்டி வரும் பிளாட்பாரத்தில், எங்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு நேராக, பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த இரண்டு பெண்களும். தங்கள் வீட்டுக்குப் போகாமல் துணைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். தயிர்சாதம் மூவருமாகக் காலி.

"இன்னா, ஏரி எப்டி கீது?" என்றாள்.

வங்காளம் என்னை இன்னும் சோதித்தது. அங்கே வீட்டுக்கு ஒரு குளம். ஒவ்வொரு குளத்துக்கும் நான் இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்ள, மச்சான் உரக்க எண்ணினான். எண்பதுக்கு மேல் அவனுக்கே அலுத்துவிட்டது. பிறகு தேயிலைத் தோட்டம், பிறகு பொம்மை ரயில். இந்தியாவில் எனக்குப் பிடித்த ரயில் அதுதான். கடைகளின் வாசற்படியை உரசிக்கொண்டு, ஒரு நாய் எங்களை முந்திப் போகும் வேகத்தில் போகிறது. தவறவிட்டால் நடந்தே போய்ப் பிடிக்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாக ரயிலில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

டார்ஜிலிங்கில் இரண்டு நாள் இருந்தோம். இரண்டு நாளும் மேகம். ஜன்னலுக்கு வெளியே யாரோ வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் இருந்தது. மலை இந்தப் பக்கம்தான் என்று விடுதிக்காரர் கையைக் காட்டுவார், நாங்கள் அவர் கையைப் பார்ப்போம். என் மனைவி குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு ஜன்னலோரமே இருந்தாள். குறையே சொல்லவில்லை. அவள் குறை சொல்லாவிட்டால் எனக்குப் பயம்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு இறங்கும் வண்டி. ஐந்தரைக்கே இருவரையும் எழுப்பி, ஆறு மணிக்கு ஸ்டேஷனில் நிறுத்திவிட்டேன். அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். நான் சக்கரமில்லாத பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, வண்டி வரும் திசையைப் பார்த்து நின்றேன்.

இரண்டு கைகள் என் தலையைப் பிடித்தன. பானையைத் திருப்புவதுபோல் திருப்பின.

"யோவ். அங்க பாரு."

கடையில் மாட்டியிருக்கும் படம் ரொம்பச் சின்னது.

அவள் குல்லாவைக் கழற்றினாள். முகத்தைக் காற்றில் காட்டிவிட்டுச் சொன்னாள்: "வெரி கோல்டுன்னு சொன்ன. அவ்ளோ ஒண்ணும் இல்லய்யா."

வண்டி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. மலை இருபது நிமிடம் தெரிந்தது. மூன்று பேரும் பார்த்தோம். எனக்கு முதுகுப் பக்கம் இருந்ததால், நான் பார்த்தது கடைசிப் பத்து நிமிடம்.