அக்காவுக்கு நான் படிக்காத கடைசி அத்தியாயம்

அந்த நாவலின் அட்டையில் பாதி திறந்த கதவும், அதன் விளிம்பைப் பற்றிய நான்கு விரல்களும் இருந்தன. படிக்காத நேரத்தில் அதைக் கவிழ்த்துத்தான் வைப்பேன். அறுபதுகளின் தொடக்கம். மணமாகி, ஜாலான் புசார் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியறைக்கு வந்திருந்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு தம்பதி. அந்தப் பெண்ணை அக்கா என்று அழைப்பேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆண்கள் வேலைக்குப் போனபின் நான் வாசிக்க, அவர் துணி மடித்தபடி கேட்பார்.

கதையில், புதிதாக வாழவந்த பெண்ணுக்குப் பூட்டிய அறையொன்றிலிருந்து பிறாண்டும் சத்தம் கேட்கும். எலி என்பான் கணவன். பட்டப்பகலில், கீழே இரும்புக்கடையில் தகடு வெட்டும் ஓசைக்கு நடுவிலும், அந்தப் பக்கங்கள் வந்தால் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன். கடைசி அத்தியாயத்தை நான் தனியாக முன்பே படித்துவிட்டேன். உள்ளே இருந்தது அவன் கொன்ற முதல் மனைவியின் ஆவி. அதை வாய்விட்டுப் படிக்கத் தைரியம் வரவில்லை. "எலிதான்க்கா. புருஷன் நல்லவன்தான்," என்று கதையை முடித்துவிட்டேன்.

"அப்பாடா, நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்," என்றார் அக்கா.

சில மாதங்களில் கதை படமாக வந்தது. நல்ல முடிவுதானே என்று அக்காதான் என்னைப் பகல்காட்சிக்கு இழுத்துப்போனார். நாவலில் சத்தம் மட்டுமே. படத்திலோ மாவு பூசிய முகம், நீண்ட நகங்கள். பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்கும் பயம் போய்விட்டது. அக்கா சிரிக்கவில்லை. கணவன் புன்னகையோடு "எலிதான்" என்ற இடத்திலேயே அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். படம் முடியும்வரை விடவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. "ஏன் மாத்திச் சொன்னே?" என்றார்.

"படிக்கப் பயமா இருந்துச்சுக்கா."

"எங்க ரூம்ல கேக்குற சத்தம் உனக்குக் கேக்கும்தானே?"

கேட்கும். பாத்திரம் உருளும், பலகை அதிரும், பிறகு ஒன்றுமிராது. மறுநாள் அக்கா கையில் காயத்தோடு வந்து, குளியலறையில் வழுக்கிவிட்டது என்பார். நானும் நம்பியதுபோல் இருந்துவிடுவேன்.

தலையசைத்தேன். அக்கா கோபிக்கவில்லை. "செம்பவாங்ல அண்ணன் இருக்காரு. நான் அங்க போறேன்," என்று சொல்லி, கட்டிய சேலையோடு பஸ் ஏறிவிட்டார்.

மாலையில் அவர் கணவர் என் கதவைத் தட்டினார். என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. "அவ எங்கம்மா?" குரல் மிக மென்மையாக இருந்தது. எந்தப் புத்தகமும் என்னை அப்படி நடுங்க வைத்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"அவங்க இனி வரமாட்டாங்க," என்றேன். தாழ்ப்பாளைப் போட்டு, அவர் காலடி படியிறங்கும்வரை கதவில் முதுகை அழுத்தி நின்றேன்.

அக்கா திரும்பவே இல்லை. இப்போதும் பேரப்பிள்ளைகளோடு பேய்ப்படம் பார்க்கிறேன். பேய் வந்ததும் அவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எனக்கு அதற்கு வெகு முன்பே, படத்தின் வீட்டில் ஒருவர் மென்மையாகப் பேசத் தொடங்கும்போதே, உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.