அழுத்திப் பார்க்கும் பழனாத்தாள்

"மலர்ந்த முகம், கூட்டு முயற்சியில் ஈடுபாடு, நவீனத் தொழில்நுட்பத்தின் மீது முழு நம்பிக்கை." கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றின் வரவேற்பறைப் பலகை தன் வடிவமைப்புத் துறைத் தலைவியை இப்படி அறிமுகம் செய்கிறது. அந்தத் தலைவி பழனாத்தாள் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றபடி, விருந்தினருக்காக வைத்த தண்ணீர் பாட்டிலைக் காதோரம் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நெரிக்கிறார். அது வேறொரு கம்பெனியின் பாட்டில்.

"தோள்ல பலமே இல்லீங்க. நாலு பெட்டி மேல ஏத்துனா உக்காந்துக்கும்" என்று சொல்லிவிட்டு, அதை விருந்தினரிடமே குடிக்கக் கொடுக்கிறார். கொடுப்பதற்கு முன் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம் இல்லையா.

வயது நாற்பத்து மூன்று. எலப்புள்ளியில் நெல் விவசாயம் பார்க்கும் கந்தப்பனின் மனைவி. கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவர். மலையாளியான ஆலை மேலாளர் ஏசுதாஸ் அவரைப் "பழனி மேடம்" என்று அழைப்பார். "அது ஊருங்க சார். என்ற பேரு பழனாத்தா" என்று பதினாறு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். ஏசுதாஸும் பதினாறு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் தொழிலைச் சுருக்கமாகச் சொன்னால், பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக்கைத் திருடுவது. திருடியது பாட்டிலுக்கே தெரியாமல் பார்த்துக்கொள்வது. சோதனைக்குழாய் போலிருக்கும் தடித்த பிளாஸ்டிக் குழலைச் சூடாக்கி, அச்சுக்குள் நிறுத்திக் காற்றை ஊதினால் பாட்டில் பிறந்துவிடுகிறது. குழல் எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை சீக்கிரம் சூடாகும், ஆறும். மணிக்கு அத்தனை பாட்டில் கூடுதலாக விழும். ஆனால் மெலிந்த பாட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டுமே. தாளை நீட்டிப் பிடித்தால் தொங்குகிறது, மடித்தால் விறைக்கிறது. அந்த மடிப்பைப் பாட்டிலின் தோளிலும் அடியிலும் எங்கே வைப்பது என்பதுதான் பழனாத்தாளின் படிப்பு, அனுபவம், தூக்கக் கெடுதல் எல்லாம்.

கணினி முதலில் வரைந்து காட்டும். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று சிவப்பும் நீலமுமாகப் பாட்டில் திரையில் சுழலும். "கோயில் நோம்பிக்குச் சீரியல் பல்பு போட்டாப்பல நல்லாத்தானுங்க இருக்குது. பாட்டிலு என்ன சொல்லுதுன்னு பாக்கோணுமில்ல" என்று எழுந்து போய்விடுவார். சூடான கம்பியால் பாட்டிலை மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொன்றாகத் தராசில் வைப்பார். தராசின் மீதும் சந்தேகம் உண்டு. அதனால் துண்டுகளுக்கு முன்னால் தன் கால் மெட்டியைக் கழற்றி நிறுத்துப் பார்ப்பார். மெட்டியின் எடை எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இதே தராசுலதானுங்க ஒருக்கா பாத்து வெச்சேன்" என்றார், கண் சிமிட்டாமல்.

ஊரிலும் இப்படி அமுக்கிப் பார்க்கும் கட்டைவிரல்தான். தக்காளி, பால் பாக்கெட், கந்தப்பன் புதிதாக வாங்கிய டிராக்டரின் இருக்கை என எதுவும் தப்பியதில்லை. "அம்மிணி, அமுக்குனதையாவது எடுத்துக்குங்க" என்று காய்க்காரர் கெஞ்சுவதை எலப்புள்ளிச் சந்தையில் வாராவாரம் கேட்கலாம்.

போன வருடம் ஏலக்காய் பாட்டில் வந்தது. இடுக்கி மலைமேல் ஆனைக்கரையில் சுருளியம்மாள் நடத்தும் ஏலக்காய்க் கூடத்துக்காக, அகன்ற வாய் வைத்த பாட்டில். பழையது இருபத்தெட்டு கிராம். பழனாத்தாள் அதை இருபத்திரண்டாக்கினார். ஒன்பது பெட்டி உயரம் அடுக்கினார்கள். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டார்கள். இரண்டு நாள் தகரக் கூரையில் வெயிலில் கிடத்தினார்கள். எல்லாவற்றிலும் பாட்டில் தேறியது. பழனாத்தாளுக்கு அதுதான் முதல் சந்தேகம்.

முதல் இரண்டு சுமை மலைக் கடைகளிலேயே விற்றுப்போனது. மூன்றாவது சுமையில் வம்பு வந்தது. ஏலக்காய் நிரம்பிய பாட்டில்களை இடுப்பு ஒடுங்கி வந்ததாகச் சொல்லிக் கோயம்புத்தூர்க் கடைக்காரர்கள் திருப்பினார்கள். யாரோ திறந்து, நல்ல காயை எடுத்துவிட்டு மட்டக் காயைப் போட்டு மூடியிருக்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. சுருளியம்மாளின் கூடத்துப் பெண்கள் மூடியை முறுக்கித் திருகுகிறார்கள் என்று ஆலை சொன்னது. ஆலை கழிவு பிளாஸ்டிக்கைக் கலக்கிறது என்று சுருளியம்மாள் சொன்னார். ஆளுக்கு ஒருவரைச் சந்தேகித்து முடித்தபின் மிச்சமிருந்தவர் லாரி ஓட்டும் அருண்பாண்டி. பூப்பாறைக்காரர், அவருக்கு நிலையாக இருந்த ஒரே சவாரி இது. "ஓட்டுநர் அருண்பாண்டியின் கவனக்குறைவு" என்று காரணம் அச்சிட்ட அறிக்கை பழனாத்தாளின் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்தது. கையெழுத்தானால் ஒன்றாம் தேதி முதல் அவர் வண்டிக்குச் சவாரி கிடையாது.

பழனாத்தாள் கையெழுத்துப் போடவில்லை. கருணையினால் அல்ல. "அந்த டிரைவரு முழியே செரியில்லீங்க. கையும் களவுமாப் புடிச்சாத்தான் செரி" என்று கிளம்பி ஆனைக்கரைக்கே போனார்.

கூடத்தில் பெண்கள் ஏலக்காயை நிரப்பி, வாயில் வெள்ளித்தாளைக் காற்றுப் புகாமல் ஒட்டி, மூடியைத் திருகுவதை அரை நாள் நின்று பார்த்தார். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து அமுக்கினார். சுருளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, எம் பிள்ளைக யாரும் இப்படிப் போட்டு நசுக்கல. நீங்க ஒருத்தருதான் காலையில இருந்து நசுக்குறீக."

லாரியின் பின்கதவில் ஒட்டுத்தாள் ஒட்டி அதன்மேல் கையெழுத்திட்டார் பழனாத்தாள். யாராவது பாட்டிலை நெரித்தால் தெரியும்படி, பத்துப் பாட்டில்களின் இடுப்பில் வெள்ளை நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சிட்டிருந்தார். ஒன்பது பாட்டில்கள் பெட்டிகளுக்குள் போயின. ஒன்று அவர் மடியில், லாரியின் முன்னிருக்கையில்.

"என்னக்கா, பச்சப்புள்ளய வச்ச மாதிரி வச்சிருக்கீக. தாலாட்டு வேணா பாடட்டா?" என்றார் அருண்பாண்டி.

"நீங்க ரோட்டப் பாருங்க."

பூப்பாறையில் அருண்பாண்டி தன் வீட்டில் தலைகாட்ட வேண்டியிருந்ததால் போடிமெட்டு வழி. ஏற ஏறப் பாட்டில் லேசாக உப்பியது. மெட்டின் உச்சியில் டீக்கு நிறுத்தியபோது நூல் இடுப்பில் பதிந்து கிடந்தது. பழனாத்தாள் இறங்கவில்லை, வண்டியின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தபடியே டீ குடித்தார்.

கொண்டையூசி வளைவுகளில் இறக்கம் தொடங்கியது. பாதி இறங்கியபோது நூல் தளர்ந்தது. அருண்பாண்டி காது அடைப்பதாகச் சொல்லி எச்சில் விழுங்கினார். இன்னும் மூன்று வளைவு தாண்டியதும் மடியில் "டொக்" என்று சத்தம். வண்டி குலுங்கி நின்றது.

"நான் தொடலக்கா! ரெண்டு கையும் ஸ்டீரிங்குலதான் இருந்துச்சு, சாமி சத்தியமா!"

பழனாத்தாள் குனிந்து பார்த்தார். யாரும் தொடாத பாட்டிலின் இடுப்பு உள்ளே போயிருந்தது. நூல் வளையல் மாதிரி நழுவிக் கிடந்தது.

"செத்தச் சும்மா இருங்க" என்றார். பிறகு அவரும் எச்சில் விழுங்கினார். அவர் காதும் அடைத்திருந்தது.

போடியில் பின்கதவைத் திறந்தார்கள். ஒட்டுத்தாளில் அவருடைய கையெழுத்து அப்படியே இருந்தது. பெட்டிகளில் நூல் கட்டிய ஒன்பதில் ஏழு ஒடுங்கியிருந்தன. ஆனைக்கரையில் மூடிய பாட்டிலுக்குள் இருப்பது மலைக்காற்று, அடர்த்தி குறைந்தது. கீழே இறங்க இறங்க வெளிக்காற்று கனத்து நாலா பக்கமும் நெருக்குகிறது. இருபத்தெட்டு கிராம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு கிராமைச் சோதித்தபோது கஞ்சிக்கோட்டிலேயே மூடி, கஞ்சிக்கோட்டிலேயே அடுக்கி, கஞ்சிக்கோட்டிலேயே கீழே போட்டுப் பார்த்திருந்தார்கள். தராசையும் கணினியையும் தக்காளியையும் நம்பாதவர், உள்ளே அடைபடும் காற்று எந்த ஊர்க் காற்று என்று மட்டும் கேட்காமல் விட்டிருந்தார்.

அருண்பாண்டியிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை. "செரி, வண்டிய எடுங்க" என்றாராம்.

அந்தப் பாட்டில் இப்போது இருபத்துநாலு கிராம். இடுப்பைச் சுற்றி வயல் வரப்பு போல மூன்று மடிப்பு வைத்திருக்கிறார். அது பிறகு நடந்தது. திரும்பி வந்த திங்கட்கிழமை ஏசுதாஸ் அறைக் கதவைச் சாத்தினார்.

"மேடம், ஒரு காரியம் பறயாம். டிசைன் சரியில்லன்னு எழுதினா, இருபத்திரண்டு கிராம்னு நம்ம எடுத்த ஆர்டர் எல்லாம் போகும். நீங்க உக்கார்ற கசேரயும் போகும். ஒருத்தன் போனா, வேற டிரைவர்மார் எத்தனை பேர் வேணும் உங்களுக்கு?"

"பேனா குடுங்க சார்."

கொடுத்தார். பழனாத்தாள் அது எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். பிறகு அறிக்கையில் அருண்பாண்டியின் பெயர் இருந்த வரியை அடித்துவிட்டு, அதன் மேல் "என் வடிவமைப்பில் பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.